ஹீட்டர் நள்ளிரவில் நிற்கிறது, புது பேட்டரி போட்டும் சரியாகவில்லை

நிலா_லூட்டன்
நவம்பர் 10, இரவு 9.15

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் ஒரு பழைய மோட்டர்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) வாங்கினோம். 2009 மாடல், நாலு பேர் படுக்கலாம். டீசல் ஹீட்டர், முன்பு வைத்திருந்தவர் பொருத்தியது. அக்டோபர் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் போனோம். கெசிக் பக்கத்தில் ஒரு பண்ணையில் மூன்று இரவு, மின் இணைப்பு இல்லாத இடம். முதல் இரவே இரண்டரை மணிக்கு ஹீட்டர் நின்றுவிட்டது. கண்ட்ரோலரில் மின்னழுத்தம் குறைவு என்று எச்சரிக்கை. மறுபடி போட்டாலும் ஒரு நிமிடம் ஓடிவிட்டு நிற்கிறது. சின்னவளுக்கு நாலு வயது. இரண்டு கம்பளி போர்த்தி எங்கள் நடுவில் படுக்க வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தேன்.

எனக்குப் புரியாதது இதுதான். காலையில் சுவரில் இருக்கும் பேனலைப் பார்த்தால் 12.4 வோல்ட் காட்டுகிறது. அந்த அளவு இருந்தால் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள்.

கடையில் கேட்டோம். வண்டிக்குள் விளக்கு, ஹீட்டருக்கு மின்சாரம் தரும் லெஷர் பேட்டரி செத்துவிட்டது என்று சொல்லி, இருந்த 95 ஆம்ப்-மணி பேட்டரியை எடுத்துவிட்டுப் புதிதாக 110 ஆம்ப்-மணி போட்டார்கள். போன வாரக் கடைசியில் விட்பி போனோம். அதே கதை, இந்த முறை மூன்றரை மணிக்கு. ஆனால் ஹுக்-அப் (வெளியிலிருந்து கேபிளில் மின்சாரம்) போடும் இடங்களில் ஒரு தொல்லையும் இல்லை, இரவு முழுவதும் ஓடுகிறது. இப்போது ஹீட்டரின் சர்க்யூட் போர்டை மாற்றச் சொல்கிறார்கள், அறுநூறு பவுண்டுக்கு மேல் ஆகும். என் கணவர் சரி சொல்லிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதற்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

கிளென்கோ_சிவா
நவம்பர் 10, இரவு 10.02

நிலா, எங்களுக்கும் முதல் குளிர்காலம் இப்படித்தான் போனது. 110 ஆம்ப்-மணி என்று லேபிளில் இருந்தாலும் ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, எடுத்தால் ஆயுள் போய்விடும். ஆக உங்கள் கையில் இருப்பது 55தான். குளிரில் அதுவும் குறையும். நான் 100 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரிக்கு மாறினேன், அதற்குப் பிறகு ஒரு இரவும் குளிரவில்லை. பட்ஜெட் இல்லை என்றால் இன்னொரு பேட்டரியை இணையாகப் போடுங்கள்.

பழைய_மெக்கானிக்
நவம்பர் 11, காலை 6.40

தங்கச்சி, போர்டுக்குக் காசு கட்டாதீங்கோ. சிவா தம்பி சொல்வதையும் கொஞ்சம் பொறுத்து வையுங்கோ. நான் வாகன வயரிங் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். முதலில் யாழ்ப்பாணத்தில் லொறியும் வானும், பிறகு இங்கே. நீங்கள் எழுதியதில் இரண்டு தடயம் இருக்கிறது. ஹுக்-அப்பில் நன்றாக ஓடுகிறது. நின்ற பிறகு பேனல் 12.4 காட்டுகிறது.

முதலில் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். தெரியாதவர்கள் நிறையப் பேர் வாசிப்பார்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ண ஒரு பற்றரி. வீட்டுப் பக்கத்துக்கு லெஷர் பற்றரி: விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீற்றர் எல்லாம் அதிலிருந்து 12 வோல்ற். மூன்றாவது, ஹுக்-அப் கேபிளில் வரும் 230 வோல்ற். இந்த மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடம் இரண்டுதான். ஒன்று சார்ஜர், அது 230ஐ வாங்கி 12 வோல்ற் பக்கத்துக்குக் கொடுக்கும். மற்றது ஸ்பிளிற் சார்ஜ் றிலே. எஞ்சின் ஓடத் தொடங்கி, அது சுழற்றி மின்சாரம் எடுக்கும் ஆல்ரனேற்றரில் இருந்து 'ஓடுகிறது' என்று சொல்லும் டி பிளஸ் சிக்னல் வந்ததும் அது இரண்டு பற்றரிகளையும் சேர்க்கும், எஞ்சின் நின்றதும் பிரிக்கும். பிரிக்காவிட்டால் இரவு நீங்கள் எரிக்கும் விளக்கு காலையில் ஸ்டார்ட் பண்ண வேண்டிய பற்றரியையும் குடித்துவிடும்.

இனி உங்கள் பிரச்சினை. தோட்டத்து வாய்க்காலில் ஒரு இடத்தில் மண் அடைத்திருக்கிறது என்று வையுங்கள். மடையை மூடி வைத்திருந்தால் அடைப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணி ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு குறையும் தெரியாது. மடையைத் திறந்து பாய விட்டால்தான் அந்தப் பக்கம் வற்றுவது தெரியும். காலையில் ஹீற்றர் ஓடவில்லை, மடை மூடியிருக்கிறது. அதனால் பேனல் 12.4 காட்டுகிறது. அது பொய்யில்லை, ஆனால் பயனில்லாத கணக்கு.

டீசல் ஹீற்றர் பற்ற வைக்கும்போது குளோ பிளக், அதாவது டீசலைப் பற்ற வைக்கும் சூட்டுக் கம்பி, இரண்டு நிமிடம் அளவுக்கு 8 முதல் 10 ஆம்ப் இழுக்கும். பற்றிய பிறகு ஒன்று இரண்டு ஆம்ப்தான். அறை சூடானதும் தானாக அணைந்து, குளிர்ந்ததும் மறுபடி பற்ற வைக்கும். அந்த நேரத்தில் ஹீற்றரின் வாசலில் 10.5 வோல்றுக்குக் கீழே போனால் பெரும்பாலான ஹீற்றர்கள் தங்களைப் பாதுகாக்க நின்றுவிடும். பற்றரியில் 12 வோல்ற் இருக்கும்போது ஹீற்றர் வாசலில் 10.5தான் நிற்கிறது என்றால், மிச்சம் ஒன்றரை வோல்ற் வழியில் எங்கேயோ போகிறது.

பதினைந்து இருபது பவுண்டுக்கு ஒரு மல்ரிமீற்றர் வாங்குங்கோ. டிசி வோல்ற், 20 என்ற இடத்தில் வையுங்கோ. ஹுக்-அப் கழற்றி, எஞ்சின் நிறுத்தி, ஓர் இரவு முழுவதும் எதையும் போடாமல் விட்டு, காலையில் பற்றரியை அளவுங்கோ. பிறகு ஹீற்றரைப் போட்டு, அந்த முதல் இரண்டு நிமிடத்துக்குள் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: பற்றரி, ஃபியூஸ் பெட்டிக்கு வயர் வரும் இடம், ஹீற்றர் பிளக். பற்றரியில் அளக்கும்போது மீற்றர் முனை ஈயக் காம்பிலேயே படட்டும், மேலே மாட்டிய கிளாம்பில் வேண்டாம். மோதிரம், வளையல் கழற்றி வையுங்கோ. 12 வோல்ற் ஷாக் அடிக்காது, ஆனால் பற்றரியின் இரண்டு பக்கத்தையும் ஒரு வளையல் தொட்டால் அது சிவக்கச் சூடாகும். கையை அறுத்த மாதிரி எரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தேன்மொழி_கார்டிஃப்
நவம்பர் 11, மதியம் 1.20

ஐயா, வாய்க்கால் விளக்கம் முதல் தடவையாக எனக்கு வோல்ட்டைப் புரிய வைத்தது. இழைக்கு நடுவில் ஒரு சின்னக் கேள்வி, மன்னிக்கவும். கோடையில் பிரான்ஸில் ஒரு கேம்ப்சைட்டில் கெட்டில் போடும்போதெல்லாம் மின்சாரம் போனது. வரவேற்பறைக்குப் போய்ச் சொன்னால் கம்பத்தில் ஏதோ தட்டிவிட்டுப் போவார்கள். வண்டியில் கோளாறா?

கிளென்கோ_சிவா
நவம்பர் 11, மாலை 5.45

தேன்மொழி, வண்டியில் ஒன்றும் இல்லை. நீல நிற ஹுக்-அப் பிளக் 16 ஆம்ப் தாங்கும். ஆனால் கம்பத்தில் எவ்வளவு விடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. இங்கே பெரும்பாலும் 10 அல்லது 16. அங்கே 6 ஆம்ப் சாதாரணம். 6ஐ 230ஆல் பெருக்கினால் 1380 வாட். வீட்டுக் கெட்டில் 2000 வாட்டுக்கு மேல் கேட்கும். வண்டிக்கு என்று 1000 வாட்டுக்குக் குறைவான கெட்டில் விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள். அப்போதும் ஃப்ரிட்ஜும் சார்ஜரும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், அதையும் கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. ஐரோப்பியக் கேம்ப்சைட்டுகளில் லைவும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (திரும்பும் கம்பி) இடம் மாறி வரலாம். எல்லாம் வழக்கம்போல் வேலை செய்யும், ஆனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் கருவிக்குள் லைவ் நிற்கும். பாக்கெட் அளவு சோதனைப் பிளக் ஒன்று இருக்கிறது, மூன்று விளக்கு வைத்தது. நான் எங்கே போனாலும் முதலில் அதைத்தான் செருகுவேன்.

பழைய_மெக்கானிக்
நவம்பர் 11, இரவு 8.10

சிவா தம்பி சொன்னது சரி. இதோடு ஒன்று: வண்டிக்குள் இருக்கும் ஆர்சிடியின் (மின்கசிவு வந்தால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அழுத்திப் பாருங்கோ. அது விழாவிட்டால் அந்த வண்டியில் ஹுக்-அப் போடாதீங்கோ, எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கோ. 230 வோல்ற் பக்கம் தகுதியுள்ள ஆள்தான் கை வைக்க வேண்டும். நான் இந்த இழையில் சொல்லித் தருவது 12 வோல்ற் மட்டும்.

நிலா_லூட்டன்
நவம்பர் 15, காலை 11.30

ஐயா, மீட்டர் வாங்கி அளந்துவிட்டேன். முதல் தடவை சிவப்பும் கறுப்பும் மாற்றி வைத்ததில் மைனஸ் காட்டியது, அப்புறம் சரி செய்துகொண்டேன். கணவர் ஹீட்டரைப் போட, நான் அளந்தேன். மூன்று முறை செய்தோம், பெரிய வித்தியாசம் இல்லை.

ஒன்றும் ஓடாதபோது பேட்டரியில் 12.68.
ஹீட்டர் பற்றும்போது பேட்டரியில் 12.41.
அதே நேரம் ஃபியூஸ் பெட்டியில் 11.22.
ஹீட்டர் பிளக்கில் 10.94.

பேட்டரி நன்றாக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. ஆனால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பெட்டி வரை ஒன்றரை மீட்டர் வயர்கூட இருக்காது. அதற்குள் எப்படி 1.2 வோல்ட் காணாமல் போகும்?

பழைய_மெக்கானிக்
நவம்பர் 15, மதியம் 12.05

அருமை. எத்தனையோ பொடியங்களுக்கு நான் இதைப் பழக்கியிருக்கிறேன், முதல் நாளே மூன்று முறை அளந்து சரிபார்த்தவர்கள் குறைவு.

கணக்கைப் பாருங்கோ. சுமார் 10 ஆம்ப் ஓடும்போது 1.19 வோல்ற் குறைகிறது. அப்படியென்றால் வழியில் 0.12 ஓம் தடை இருக்கிறது. சொல்லும்போது ஒன்றுமில்லாத எண். நல்ல தடிப்பான வயரில், ஒழுங்கான இணைப்பில், இதில் பத்தில் ஒரு பங்குகூட வரக் கூடாது. 1.19 வோல்ற், 10 ஆம்ப், பெருக்கினால் கிட்டத்தட்ட 12 வாட். அந்த அளவு சூடு எங்கேயோ ஒரு இடத்தில் வெளியே வருகிறது.

உங்கள் முழுப் பற்றரியிலேயே ஹீற்றருக்கு 10.94தான் கிடைக்கிறது. அரை வோல்றுக்கும் குறைவான இடைவெளிதான் மிச்சம். நள்ளிரவுக்குள் பற்றரி இயல்பாக இறங்கும், குளிரில் இன்னும் கொஞ்சம் இறங்கும், அடுத்த முறை குளோ பிளக் பற்றும்போது 10.5க்குக் கீழே. அதனால்தான் சாயங்காலம் ஓடுகிற ஹீற்றர் இரண்டரைக்கு நிற்கிறது. புதுப் பற்றரியில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தாக்குப்பிடித்ததும் அதனால்தான்.

ஹுக்-அப்பில் ஏன் ஓடுகிறது? பல வண்டிகளில் சார்ஜர், ஃபியூஸ் பெட்டி இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஹுக்-அப் போட்டதும் சார்ஜர் அங்கேயே பதின்மூன்றரை வோல்றுக்கு மேல் கொடுத்துவிடும். பற்றரியில் இருந்து வரும் அடைபட்ட வழி தேவையே இல்லை. சார்ஜ் ஏறுவதும் அதே வழியால்தான். 10 ஆம்ப் ஏறும்போது சார்ஜர் 14.4 என்று நினைக்கும், பற்றரிக்குப் போய்ச் சேர்வது 13.2. பற்றரி மெல்ல மெல்ல நிறையும், ஆனால் ஓர் இரவில் நிறைய வேண்டியது இரண்டு நாள் எடுக்கும்.

இனி ஒரு அளவுதான். இதுவரை நீங்கள் சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வைத்தீர்கள். இப்போது மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ் காம்பில் வைத்து, மற்ற முனையை ஃபியூஸ் பெட்டியின் பிளஸ்ஸில் வையுங்கோ. ஹீற்றர் பற்றட்டும். வருகிற எண் பிளஸ் வயரில் மட்டும் போகும் நஷ்டம். அதேபோல் மைனஸ் காம்பில் இருந்து ஃபியூஸ் பெட்டியின் மைனஸுக்கு. எதில் எண் பெரிதோ அந்த வயரைக் கையால் தொட்டுக்கொண்டே போங்கோ. இருபது பேரில் பதினைந்து பேர் பிளஸ் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், மைனஸும் அதே அளவு கரண்ட் தூக்குகிறது என்பதை மறந்துவிடுவார்கள்.

ராகவ்_மில்டன்கீன்ஸ்
நவம்பர் 16, மாலை 4.30

நல்ல இழை, தொடர்ந்து படிக்கிறேன். என் பிரச்சினை வேறு. வண்டி 2021 மாடல். ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போட்டேன், மற்ற எதையும் மாற்றவில்லை. நாலு மணி நேரம் ஓட்டினாலும் சார்ஜ் பத்து சதவீதம்கூட ஏறுவதில்லை. மீட்டரில் பார்த்தால் 13.2 வோல்ட், நிறைந்த மாதிரியே இருக்கிறது.

கிளென்கோ_சிவா
நவம்பர் 16, மாலை 6.15

ராகவ், இது எனக்குத் தெரிந்த விஷயம், நானே பட்டிருக்கிறேன். உங்களுடையது யூரோ 6 (ஐரோப்பியப் புகை அளவு விதி) எஞ்சின். அவற்றில் பலவற்றுக்கு ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். எரிபொருளை மிச்சப்படுத்த, ஸ்டார்ட்டர் பேட்டரி நிறைந்தால் தன் வோல்ட்டை 12.5 அளவுக்கு இறக்கிவிடும், பிரேக் பிடிக்கும்போது ஏற்றும். லித்தியம் பேட்டரியோ ஓய்வில் 13.2 வைத்திருக்கும். தண்ணீர் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறாது. ஸ்ப்ளிட் சார்ஜ் ரிலேயால் இங்கே பயனில்லை, பேட்டரிக்குப் பேட்டரி சார்ஜர் ஒன்று வேண்டும். அது எந்த வோல்ட் வந்தாலும் தேவைப்பட்ட அளவுக்கு உயர்த்தி, கரண்டையும் ஒரு எல்லைக்குள் வைக்கும். நான் 30 ஆம்ப் வைத்திருக்கிறேன். அந்த எல்லை இல்லாவிட்டால், காலியான லித்தியம் கேட்கும் கரண்டில் சாதாரண ஆல்டர்னேட்டர் சூடாகிக் கெட்டுப்போகும்.

வோல்ட்டை வைத்து லித்தியத்தின் சார்ஜைச் சொல்லவே முடியாது. தொண்ணூறு சதவீதத்திலும் நாற்பதிலும் ஏறக்குறைய ஒரே எண்தான். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷண்ட் போடுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் பண்ணாதீர்கள், செல் நிரந்தரமாகக் கெடும். ஸ்காட்லாந்தில் இது எட்டாத ஆபத்து இல்லை. நான் பேட்டரியை வண்டிக்குள், ஹீட்டர் குழாய் போகும் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன்.

நிலா_லூட்டன்
நவம்பர் 22, மாலை 3.50

கண்டுபிடித்துவிட்டோம்!

பிளஸ் பக்கம் 0.10. மைனஸ் பக்கம் 1.09. மைனஸ் வயரைத் தொட்டுக்கொண்டே போனேன். பேட்டரி பயணி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. மைனஸ் வயர் அங்கிருந்து நேராக ஃபியூஸ் பெட்டிக்குப் போகவில்லை. சீட்டின் இரும்புக் கட்டையில் ஒரு போல்ட், அதில் பேட்டரி வயரும் ஃபியூஸ் பெட்டி வயரும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருக்கிறது, நடுவில் ஒரு வாஷர். ஹீட்டர் பற்றி ஒரு நிமிடம் ஆனதும் அந்த இடத்தைத் தொட்டேன், சூடு. வயரைச் சற்று அசைத்தால் மீட்டரில் எண் 1.09 என்றும் 0.7 என்றும் ஆடுகிறது.

பேட்டரி மைனஸை முதலில் கழற்றிவிட்டுத்தான் பிரித்தோம். வயர் முனையில் இருக்கும் வளையத்துக்குள், அதாவது லக்குக்குள், செம்பு முழுவதும் பச்சை பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. வாஷர் துரு. போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் சுரண்டவே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் இருப்பதால் நனைந்த ஷூ, குடை எல்லாம் பல வருடமாக அங்கேதான் வடிந்திருக்கும். கடையில் பேட்டரியை மாற்றும்போது இந்த போல்ட்டுக்கு அரை அடி பக்கத்தில்தான் கை வைத்திருப்பார்கள்.

பச்சை பிடித்த வயரைச் சுத்தம் பண்ணினால் போதுமா, வெட்ட வேண்டுமா?

பழைய_மெக்கானிக்
நவம்பர் 22, மாலை 4.25

வெட்டுங்கோ. பச்சை உள்ளே ஏறியிருக்கும், பளபளவென்று செம்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். வயர் கட்டையாகப் போனால் புது வயர் போடுங்கோ, அதே தடிப்பு அல்லது ஒரு அளவு கூட. ஈயம் பூசிய செம்பு லக், அதற்கென்று உள்ள கிரிம்ப் கருவியால் அமுக்க வேண்டும். குறடால் நசுக்கினால் இரண்டு வருடத்தில் இங்கேயே வந்து நிற்பீர்கள். கருவி வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கும். லக்குக்கு மேல் உள்ளே பசை வைத்த ஹீற் ஷ்ரிங்க், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்.

முக்கியமானது: இரண்டு லக்கும் நேராக ஒன்றையொன்று தொடட்டும். நடுவில் வாஷர் வேண்டாம், வாஷர் மேலேதான். இரும்பில் பெயிண்டைச் சுரண்டி, இறுக்கி, பிறகு வாஸலின் பூசுங்கோ. இறுக்கும் முன்பு பூசாதீங்கோ. முடிந்ததும் அதே அளவை மறுபடி எடுங்கோ. எண் வராமல் வேலை முடியவில்லை.

கிளென்கோ_சிவா
நவம்பர் 23, காலை 10.10

நிலா, நான் முதல் நாள் உங்களை இன்னொரு பேட்டரி வாங்கச் சொன்னேன். அளக்காமல் சொன்னது தவறு. லித்தியம் போட்டிருந்தால் அதன் வோல்ட் கூடுதலாக இருப்பதால் ஹீட்டர் ஓடியிருக்கும், அந்த போல்ட் கண்ணில் படாமலே இன்னும் சூடாகிக்கொண்டிருந்திருக்கும். நேற்று இரவே என் வண்டியிலும் அளந்தேன். 1000 வாட் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறேன், முழுச் சுமையில் 90 ஆம்ப்புக்கு மேல் இழுக்கும். அதன் ஃபியூஸ் ஹோல்டரில் மட்டும் 0.4 வோல்ட் போகிறது. 36 வாட், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள். ஓரம் பழுப்பாகியிருக்கிறது. இன்வெர்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டேன், புது ஹோல்டர் வரும்வரை தொடப் போவதில்லை.

பழைய_மெக்கானிக்
நவம்பர் 23, காலை 10.55

தம்பி, அதைப் பார்த்தது நல்ல காரியம். படுத்திருக்கும் கட்டிலுக்கு அடியில்தான் பல பேர் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார்கள். புது ஹோல்டர் போடும்போது பற்றரிக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்டப் போடுங்கோ. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. பற்றரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் உள்ள வயருக்குக் காவல் இல்லை.

நிலா_லூட்டன்
டிசம்பர் 1, இரவு 8.40

வேலை முடிந்தது. புது வயர், புது லக், மொத்தம் பதினெட்டு பவுண்டு, கிரிம்ப் கருவி வாடகையோடு. மைனஸ் பக்கம் இப்போது 0.04. ஹீட்டர் பற்றும்போது அதன் பிளக்கில் 11.98 கிடைக்கிறது.

போன வெள்ளிக்கிழமை மறுபடி கெசிக் போனோம், அதே பண்ணை, அதே இடம். இரவு மைனஸ் 3 டிகிரி. இரண்டரைக்கு நான் தானாக விழித்துக்கொண்டேன். ஹீட்டர் அணைந்து ஒரு நிமிடம் அமைதி, பிறகு டிக் என்று சத்தம், பம்ப் தட்டத் தொடங்கி, காற்று வந்தது. பிள்ளைகள் புரளக்கூட இல்லை. மூன்று இரவும் ஓடியது. பகலில் வண்டியை வெளியே ஓட்டியதிலேயே பேட்டரி திரும்ப ஏறிவிட்டது.

ஐயா, கடைக்காரர் செத்துவிட்டது என்று எடுத்துவைத்த பழைய பேட்டரியைக் கணவர் குப்பைக்குப் போடாமல் கராஜில் வைத்திருந்தார். அதை முழுவதும் சார்ஜ் பண்ணி, நீங்கள் எனக்குத் தனியாக எழுதியபடி 21 வாட் பல்ப் இரண்டை மாட்டி, பன்னிரண்டு மணி நேரம் எரிய விட்டோம். எழுதி வைத்திருக்கிறேன்: ஏறத்தாழ 40 ஆம்ப்-மணி எடுத்த பிறகு, நாலு மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தால் 12.2 வோல்ட்.

பழைய_மெக்கானிக்
டிசம்பர் 1, இரவு 9.05

அது நல்ல பற்றரி, தங்கச்சி. மாதம் ஒரு தடவை சார்ஜ் போட்டு வையுங்கோ.